டீச்சருக்குக் குழந்தை பிறந்த காலாண்டு

மறதி என்பது நோய் அல்ல, ஒழுக்கக்கேடு என்று பெட்டகம் பிரகடனம் செய்தபோது பயிற்சி அறையில் பதினோரு பேர் இருந்தார்கள். பதினோரு பேரும் இதை ஏற்கெனவே கேட்டவர்கள். ஆனாலும் தலையாட்டினார்கள். சம்பளம் வாங்கும் இடத்தில் தலையாட்டுவதற்குத் தனிக் கூலி கேட்க முடியாது.

"இருபத்திரண்டு வருஷம். நானூத்திப் பன்னிரண்டு குடும்பம். டைரி கிடையாது, துண்டுச்சீட்டு கிடையாது. எல்லாம் இதுக்குள்ள இருக்கு," என்று நெற்றிப்பொட்டில் தட்டிக் காட்டினார். "மனுஷனை ஞாபகம் வச்சுக்க மெஷின் கேக்கிறவன், தனக்குப் பசிக்குதான்னு பக்கத்து வீட்டுல விசாரிக்கிறவன்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. ஜனங்கள் தங்கள் சேமிப்பை எங்கே போட்டால் நிம்மதியாகத் தூங்கலாம் என்று சொல்லித் தரும் ஆலோசகர் அவர். அந்த நிதி ஆலோசனை நிறுவனத்தின் கிளையில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வெகுகாலம் ஆகிறது. எந்த வீட்டில் மருமகன் பேச்சை எடுக்கக் கூடாது, எந்த வீட்டு நாற்காலிக்கு மூன்று கால்தான் நம்பகமானது, யாருக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும் என்பதெல்லாம் அவருக்குள் பூட்டியிருந்ததால் பெட்டகம் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

பக்கத்து மேஜைக்காரனுக்கு ஸ்பீடு என்று பெயர். ஒரு கிளையண்ட் வீட்டு மணியை அடிப்பதற்கு முன்பு வாசலில் நின்று செல்போனைத் திறந்து, உள்ளே இருப்பவர் பெயர், பிள்ளைகள், முட்டிவலி எல்லாவற்றையும் ஒரு தடவை படித்துக்கொள்வது அவன் வழக்கம்.

"பரீட்சை ஹாலுக்கு வெளியில நோட்ஸ் புரட்டற பையன் மாதிரி நிக்கிறியேடா. வெக்கமா இல்ல?"

"இல்லண்ணே. பாஸ் ஆயிடறேனே."

"அதுக்குப் பேரு பாஸ் இல்லடா, பிட்டு."

இப்படி இருந்த கிளைக்குத்தான், கிளையண்டுகளோடு உள்ள உறவைப் பதிந்து மதிப்புப் போடும் 'பந்தம்' என்ற மென்பொருளைத் தலைமை அலுவலகம் அனுப்பிவைத்தது. கூடவே ஒரு பயிற்சியாளர் அம்மாளையும், நாற்பது சொற்கள் அடங்கிய ஒரு கையேட்டையும்.

"இந்த நாற்பது வார்த்தை தெரிஞ்சாப் போதும்," என்றார் பயிற்சியாளர். "உறவுங்கிற விஷயத்துல இதுக்கு மேல எதுவும் இல்ல. இருந்திருந்தா நாற்பத்தி ஒண்ணாவதா போட்டிருப்போம்."

கையேட்டின்படி லீட் என்பவர் இன்னும் தொடர்பு கொள்ளப்படாதவர். ப்ராஸ்பெக்ட் என்பவர் தொடர்பு கொள்ளப்பட்டவர். கிளையண்ட் என்பவர் தொடர்பிலிருந்து விடுபடாதவர். இவர்கள் மூவரும் வரிசையாகப் போய்க்கொண்டிருக்கும் வழிக்குப் பைப்லைன் என்று பெயர். ஹவுஸ்ஹோல்டு என்றால் ஒரே முகவரியில், ஒரே முடிவெடுப்பவருக்குக் கீழ் உள்ள நபர்களின் தொகுப்பு.

கணக்காளர் கையைத் தூக்கினார். "எங்க வீட்டுல யார் முடிவெடுக்கிறதுன்னு இன்னும் முடிவாகல மேடம்."

"அப்போ நீங்க ஹவுஸ்ஹோல்டு இல்ல சார். ரெண்டு தனித்தனி தொடர்பு. கதவு மட்டும் ஒண்ணு."

கணக்காளர் அதை எழுதிக்கொண்டார். அன்று மாலை வீட்டில் அவர் அதைப் படித்துக் காட்டியிருக்க வேண்டும். மறுநாள் தாடையில் பிளாஸ்திரியோடு வந்தார். ஷேவிங்கின்போது கீறியது என்றார்.

பயிற்சியின் முடிவில் பரீட்சை. பன்னிரண்டாவது கேள்வி இது: 'கிளையண்ட் ஒருவரின் கணவர் இறந்துவிட்டார். இது என்ன? அ) துக்கம் ஆ) லைஃப் ஈவென்ட் இ) வாய்ப்பு ஈ) ஆ, இ இரண்டும்.' பெட்டகம் 'அ' என்று எழுதினார். ஒரு மதிப்பெண்ணில் தோற்றார்.

"சென்டிமென்ட்டுக்கு மார்க் போட முடியாது சார்," என்றார் பயிற்சியாளர், உண்மையான வருத்தத்தோடு. "வேணும்னா திருப்பி எழுதுங்க. கேள்வி அதேதான்."

அவர் திருப்பி எழுதவில்லை. ஆறு மாதம் பந்தத்தைத் தொடவும் இல்லை. பழையபடி வீடு வீடாகப் போய் நாற்காலி பார்த்து உட்கார்ந்து, பேசி, திரும்பினார். ஸ்பீடு மட்டும் இரண்டு முறை எச்சரித்தான். "அண்ணே, போனா போனேன்னு பதிவு போடுங்க. பதிவு போடலேன்னா போகலேன்னு அர்த்தம்."

"நான் போனது எனக்குத் தெரியும், அவங்களுக்குத் தெரியும். மூணாவதா யாருக்குடா தெரியணும்?"

மூன்றாவதாகத் தெரிய வேண்டியவர் மேலாளர். அவர் ஒரு திங்கட்கிழமை காலை பெட்டகத்தைக் கூப்பிட்டுக் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். அதில் ஓய்வுபெற்ற பூகோள டீச்சர் ஒருவரின் பெயர் சாம்பல் நிறத்தில் கிடந்தது. பக்கத்தில் 'உறங்குபவர்' என்று எழுதியிருந்தது. உறவு மதிப்பு: மூன்று.

"அது என்ன மூணு?"

"பொறந்தநாளுக்கு மெஷினே வாழ்த்து அனுப்பிச்சிருக்கு. அதுக்கு மூணு."

"சார், நான் அந்த அம்மா வீட்டுக்குப் பதினாறு வருஷமா மாசம் ஒரு தடவை போறேன்."

"அதுல பதினஞ்சரை வருஷம் பந்தம் வர்றதுக்கு முன்னாடி. அது நடந்ததாகாது. மிச்சம் ஆறு மாசம் நீங்க பதிவு பண்ணல. அதுவும் நடக்கல." மேலாளர் பேனாவை மூடினார். "நாற்பதுக்குக் கீழ இருக்கிறவங்களை இந்தக் காலாண்டு முடிவுல தானியங்கிக் குரலுக்கு மாத்தறோம். மனுஷ நேரம் விலை உயர்ந்தது சார். அதை மனுஷங்க மேல வீணாக்க முடியாது."

தானியங்கிக் குரல் எது என்று பெட்டகத்துக்குத் தெரியும். கணக்கு விவரத்துக்கு ஒன்றை அழுத்தச் சொல்லும், புகாருக்கு இரண்டு, மீண்டும் கேட்க ஒன்பது. ஒன்பதை அழுத்தினால் மீண்டும் ஒன்பதை அழுத்தச் சொல்லும். டீச்சருக்கு இரண்டு கண்ணும் மங்கிக்கொண்டு வருகின்றன. போனில் எண்கள் எங்கே இருக்கின்றன என்பதையே அவர் தடவித்தான் பார்க்கிறார். கம்பெனியிலிருந்து வரும் கடிதங்களையெல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுவைத்து, மாதம் ஒருமுறை பெட்டகம் வந்ததும் படிக்கச் சொல்லிக் கேட்பார். எதில் கையெழுத்து வேண்டும், எதைக் கிழித்துப் போடலாம் என்று சொல்ல அவரைத் தவிர டீச்சருக்கு ஆள் இல்லை. போன வருஷம் கடிதம் படிக்க வந்த எதிர்வீட்டுப் பையன், படித்த கையோடு அவரையே ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட வைத்திருந்தான். அதைத் திருப்பி எடுக்கப் பெட்டகம் நாலு மாதம் அலைந்தார்.

மறுநாள் டீச்சர் வீட்டில், லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடியில், எல்லாவற்றையும் சொன்னார். டீச்சர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"மூணு மார்க்கா? நான் எந்தப் பிள்ளைக்கும் மூணு போட்டதில்ல தம்பி. பேரை ஒழுங்கா எழுதினாலே அஞ்சு போடுவேன்."

"இன்னும் முப்பத்தேழு வேணும் டீச்சர். நான் வந்து போனா அஞ்சு. போன் பண்ணா ரெண்டு. காலாண்டு முடிய ஒன்பது நாள்தான் இருக்கு."

"வேற எதுக்கு மார்க் குடுக்கிறாங்க?"

பெட்டகம் பையிலிருந்து கையேட்டை எடுத்தார். அதைத் திறப்பது அதுதான் முதல் தடவை. "லைஃப் ஈவென்ட்னு ஒண்ணு இருக்கு. குழந்தை பிறந்தா இருபத்தஞ்சு. வேலை மாறினா பதினஞ்சு. கல்யாணத்துக்கு இருபது."

"எனக்கு ஒரு கல்யாணத்தைப் போடுங்க."

"டீச்சர்!"

"ஏன், எழுபத்தி நாலு வயசாச்சுன்னு உங்க மெஷினுக்குத் தெரியுமா?"

தெரியும். பிறந்த தேதி முதல் பக்கத்திலேயே இருந்தது. ஆனால் பந்தம் எந்தப் பக்கத்தையும் இன்னொரு பக்கத்தோடு சேர்த்துப் படிப்பதில்லை. பெட்டகம் செல்போனில் பந்தத்தைத் திறந்து 'திருமணம்' என்பதைத் தொட்டார். திரையில் காகிதப் பூக்கள் கொட்டின. 'வாழ்த்துகள்! புதிய வாழ்க்கை, புதிய திட்டமிடல்!' என்று வந்தது. மாப்பிள்ளை பெயரைக் கேட்டது.

"என்ன பேர் போடட்டும்?"

"ஏதாவது நதி பேரு போடுங்க. ஓடிட்டே இருப்பாரு, தொந்தரவு இல்ல."

இருபத்து மூன்று ஆனது. அன்று வந்ததற்கு ஐந்து. இரண்டு நாள் கழித்து டீச்சரே போன் செய்தார். "தம்பி, நேத்து ராத்திரி யோசிச்சேன். குழந்தையையும் போட்டுடுங்க. எதுக்குத் தள்ளிப்போடணும்?"

பெட்டகம் 'மகப்பேறு' என்பதைத் தொட்டார். பெண் குழந்தை. ஐம்பத்து மூன்று. சாம்பலாகக் கிடந்த பெயர் பச்சையாக மாறியது. கல்யாணத்துக்கும் பிரசவத்துக்கும் நடுவே இரண்டே நாள்தான் இருந்தது என்பதைப் பற்றிப் பந்தம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த விஷயத்தில் அது மனிதர்களைவிட நாகரிகமானது.

இதோடு முடிந்திருக்கலாம். ஆனால் அவருடைய பெயர்ப் பட்டியலில் சாம்பல் நிறத்தில் இன்னும் முன்னூற்று நாற்பது குடும்பங்கள் கிடந்தன. மிச்சமிருந்த ஏழு நாளும் பெட்டகம் மேஜையை விட்டு எழவில்லை. மருந்துக்கடைக்காரருடைய அப்பாவைச் சாகடித்தார். தையல்காரரை வெளிநாட்டுக்கு அனுப்பினார். இரண்டு பிரம்மச்சாரிகளுக்கு விவாகரத்து வாங்கிக் கொடுத்தார். முதல் நாள் சாவுக்கு ஒரு நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் டீ குடித்துக்கொண்டே இரண்டு சாவு போட்டார். ஐந்தாம் நாள் எது சாவு, எது வேலைமாற்றம் என்று பார்க்காமல் புள்ளி எங்கே அதிகமோ அங்கே விரல் தானாகப் போனது.

ஸ்பீடு எட்டிப் பார்த்தான். "அண்ணே, பின்றீங்க!"

"வேலையைப் பாருடா," என்றார் பெட்டகம், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஸ்பீடு பார்த்தான். அவன் மேஜையிலும் அன்றிலிருந்து குழந்தைகள் பிறந்தன.

காலாண்டுக் கூட்டத்தில் மேலாளர் எழுந்து நின்றார். அவருடைய குரல் தழுதழுத்தது.

"நண்பர்களே, மூணு மாசத்துல நம்ம கிளையில நூத்திப் பதினோரு கல்யாணம். எழுபத்தாறு பிரசவம். மரணம், இருநூத்தி நாலு. எல்லாக் கிளைகளையும் எடுத்துக்கிட்டா மரணத்துல நாமதான் முதலிடம்." கைத்தட்டல் எழுந்தது. "இதெல்லாம் முன்னாடியும் நடந்திருக்கும். ஆனா நாம கவனிக்கல. இப்போ கவனிக்கிறோம். இதுக்குப் பேருதான் அக்கறை. நமக்கு மனுஷங்கதான் முக்கியம். அதுலயும் எண்பதுக்கு மேல இருக்கிறவங்க ரொம்ப முக்கியம். இந்தச் சாதனைக்கு யார் காரணம்? பரீட்சையில ஒரு மார்க்குல தோத்தவர்! அவருக்கு அந்த ஒரு மார்க்கை இன்னைக்கு நான் போடறேன்."

பெட்டகம் எழுந்து ஒரு கண்ணாடிக் கேடயத்தை வாங்கிக்கொண்டார். நன்றி சொல்ல வாயைத் திறந்தபோது மேலாளர் மேலும் சொன்னார்: "உங்க பூகோள டீச்சர் கேஸை நேத்து நானே பார்த்தேன். கல்யாணம், குழந்தை, ரெண்டும் ஒரே வாரத்துல. எவ்வளவு சுறுசுறுப்பான அம்மா! தலைமை அலுவலகம் தானாவே போனஸ் புள்ளி குடுத்து எண்பத்தி ரெண்டுக்கு ஏத்திடுச்சு. எண்பது தாண்டினா வைரப் பிரிவு. அடுத்த மாசத்துலேர்ந்து அவங்களைத் தலைமை அலுவலகமே பார்த்துக்கும்."

"தலைமை அலுவலகத்துல யாரு சார் பார்ப்பாங்க?"

"யாருன்னா? ரொம்ப உயர்தரமான ஒரு தானியங்கிக் குரல்."

பெட்டகம் கேடயத்தைப் பையில் போட்டுக்கொண்டு நேராக டீச்சரிடம் போனார். மதிப்பைக் குறைக்க வேண்டும். இருவரும் கையேட்டை முதலிலிருந்து புரட்டினார்கள். விவாகரத்துப் போட்டால் முப்பது ஏறும். நோய்க்குப் பதினெட்டு ஏறும். டீச்சர் கோபமாகப் புகார் கொடுத்தால், அக்கறையோடு புகார் கொடுத்ததற்காகப் பன்னிரண்டு ஏறும். சாவுக்கு ஐம்பது.

"செத்தாலும் பாஸாகறோமே தம்பி," என்றார் டீச்சர். "இப்படி ஒரு ஸ்கூல் இருந்திருந்தா நான் ரிட்டயரே ஆகியிருக்க மாட்டேன்."

முப்பத்தெட்டாவது சொல்லில் வழி கிடைத்தது. 'திருப்தி: கிளையண்ட் தன்னிடம் இருப்பதே போதும் என்று கருதும் நிலை. வாய்ப்பு இல்லை. மதிப்பிலிருந்து இருபது கழிக்கவும். மூன்று முறை தொடர்ந்தால் மேலாளருக்குத் தெரிவிக்கவும்.'

பெட்டகம் 'திருப்தி' என்பதைத் தொட்டார். திரையில் சிவப்பு முக்கோணம் ஒன்று வந்து, 'உறுதியாகவா?' என்று கேட்டது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் அது அப்படிக் கேட்டதில்லை. ஆம் என்றார். அறுபத்திரண்டுக்கு இறங்கியது.

அதன் பிறகு அவருடைய வேலை நூல் பிடித்தாற்போல் ஆயிற்று. நாற்பதுக்குக் கீழே போனால் ஒரு குரல், எண்பதுக்கு மேலே போனால் இன்னொரு குரல். இரண்டுக்கும் நடுவே நானூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களையும் நிறுத்திவைக்க வேண்டும். ஏறினால் திருப்தி, இறங்கினால் மரணம். வீடு வீடாகப் போக நேரம் இல்லை. போனாலும் பாதி மனசு மதிப்பில் இருந்தது. வீட்டில் மனைவி, "என்னங்க, என் அண்ணனுக்கு உடம்பு சரியில்லையாம்," என்றபோது, "பதினெட்டு," என்றார். என்ன பதினெட்டு என்று அவள் கேட்டாள். ஒன்றுமில்லை என்று சாப்பிட்டு முடித்தார்.

ஒருநாள் தலைவலி மாத்திரை வாங்க மருந்துக்கடைக்குப் போனவர் கடைக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்பா விஷயம் கேள்விப்பட்டேன். மனசைத் தேத்திக்குங்க."

"எந்த விஷயம் சார்? அப்பா இதோ உள்ள உட்கார்ந்து சில்லறை எண்ணிட்டு இருக்காரு."

உள்ளேயிருந்து பெரியவர் எட்டிப் பார்த்து, "வாங்க, சௌக்கியமா?" என்றார். பெட்டகம் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் சந்தோஷம் வரவில்லை. பதிவில் ஏதோ பிழை என்றுதான் தோன்றியது.

"சௌக்கியம்," என்று சொல்லிவிட்டு, மாத்திரையை வாங்காமல் வந்துவிட்டார்.

அதற்குச் சில மாதம் கழித்து டீச்சருக்கு ஒரு கண்ணில் அறுவைச் சிகிச்சை நடந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூடவே போய், உடனிருப்பவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டதும், திரும்பும்போது கட்டுப் போட்ட முகத்தோடு இருந்த டீச்சரைக் கைத்தாங்கலாக மூன்று மாடி ஏற்றியதும் பெட்டகம்தான். அதைப் பந்தத்தில் பதியவில்லை. பதிந்தால் மதிப்பு மறுபடி எண்பதைத் தாண்டிவிடும். நிஜமாக நடப்பது எதையும் பதிய முடியாதபடி அந்தப் பக்கம் நிறைந்துபோயிருந்தது.

பத்து நாள் கழித்து டீச்சர் போன் செய்தார். குரலில் முப்பது வயது குறைந்திருந்தது.

"தம்பி, கட்டைப் பிரிச்சாச்சு. நல்லாத் தெரியுது. பிஸ்கட் டின்ல பிஸ்கட் படம் போட்டிருக்கிறதே இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. வாங்க, கடுதாசியை இன்னைக்கு நான் படிக்கிறேன், நீங்க கேளுங்க."

"வந்துட்டேன் டீச்சர்."

"எந்தக் கண்ணுன்னு ஞாபகம் இருக்கில்ல? நல்ல கண்ணு பக்கமா உட்காருங்க. கொஞ்ச வருஷமா உங்க குரலைத்தான் பார்த்திட்டிருக்கேன். மூஞ்சி இப்போ எப்படி இருக்குன்னு பார்க்கணும்."

"மறப்பேனா?" என்றார் பெட்டகம்.

பேருந்தில் யோசித்தார். வலது என்று தோன்றியது. தெருவில் இறங்கியபோது இடது என்று தோன்றியது. முதல் மாடியில், கட்டுப் போட்ட முகத்தை நினைவுக்குக் கொண்டுவந்து பார்த்தார். வந்த முகம் தையல்காரருடையது. அவருக்குக் கண்ணில் ஏதாவது நடந்ததா, அல்லது நடக்கவைத்தோமா என்று தெரியவில்லை. இரண்டாவது மாடியில் இதைப் பற்றிப் பயப்பட வேண்டும் என்று நினைத்தார். பயம் வரவில்லை. மூச்சுத்தான் வாங்கியது.

மூன்றாவது மாடியில் கதவு சாத்தியிருந்தது. உள்ளே டீச்சர் எதையோ உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். எழுத்துக்கூட்டுவது போல நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு வார்த்தை முடிந்ததும் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு.

மணியை நோக்கிப் போன விரலைப் பெட்டகம் இறக்கினார். படிக்கட்டைக் கீழே ஒரு தடவை பார்த்துக்கொண்டார். யாரும் இல்லை. மூக்குக் கண்ணாடியை மாட்டி, சுவரோரமாகத் திரும்பி நின்று, செல்போனைத் திறந்து டீச்சரின் பக்கத்தை எடுத்தார். கண்ணைப் பற்றி அதில் எதுவும் இல்லை. கணவர் இருந்தார், ஒரு நதியின் பெயரில். ஒரு பெண் குழந்தை, வயது எட்டு மாதம். மூன்று முறை திருப்தி.

அவர் உதடுகளை அசைத்து மேலிருந்து கீழாக ஒருமுறை படித்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்துப் பார்த்தார். குழந்தையின் வயது மட்டும் தப்பியது. திறந்து பார்த்துத் திருத்திக்கொண்டு மணியை அடித்தார்.